தொழுவத்தின் மோட்டில் நான்கு அங்குலம்

லேவார்டன், நெதர்லாந்து
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். தாங்களும் அம்மையும் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புதுத் தொழுவத்துக்குக் கொத்தனார் போட்டுக் கொடுத்த படத்தைத் தம்பி அனுப்பியிருந்தான். இருபது அடி அகலம், முப்பது அடி நீளம், நான்கு பக்கமும் கூரை வரை சுவர், தெற்கில் இரண்டு சிறிய ஜன்னல், மேலே தகரம். படத்தைப் பார்த்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அலைபேசியில் சொன்னால் பாதி கேட்காது, மீதி மறந்துபோகும் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். வங்கிக் கடன் கைக்கு வந்துவிட்டாலும், இதைப் படித்து முடிக்கும் வரை அடிக்கல்லுக்கு மேல் ஒரு வரிசைகூட ஏற்ற வேண்டாம்.

நான் இந்த ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்து சேர்ந்தது ஜனவரி மாதத்தில். வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. இரண்டு கம்பளிச் சட்டையின் மேல் கோட்டும் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தால், பக்கவாட்டுத் திரைகள் பாதிக்கு மேல் திறந்திருக்க, கூரையின் உச்சியிலும் நீளவாக்கில் வானம் தெரிந்தது. யாரோ மூட மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பண்ணைப் பொறுப்பாளர் சிரித்துவிட்டு, "குளிர் உனக்குத்தான், மாட்டுக்கு இல்லை" என்றார். நன்றாகப் பால் கறக்கும் ஒரு பசு ஆயிரம் வாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியே விடுகிறது. மூச்சிலும் தோலிலுமாக ஒரு நாளைக்குப் பத்து லிட்டருக்கு மேல் நீரை ஆவியாக விடுகிறது. அந்தச் சூடான ஈரக் காற்று தானாகவே மேலே எழும்பும். கூரையின் உச்சியான மோட்டில் வழி இருந்தால் வெளியேறும், பக்கத்திலிருந்து புதுக் காற்று உள்ளே வரும். வழி இல்லையென்றால் தகரத்தின் அடியில் வியர்த்துச் சொட்டுச் சொட்டாக மாட்டின் முதுகிலேயே விழும். பழைய தொழுவத்தில் விடியற்காலையில் தகரத்திலிருந்து நீர் சொட்டும்போது கூரை ஒழுகுகிறது என்று எண்ணித் தாங்கள் இரண்டு முறை தார் பூசியது நினைவிருக்கிறதா? ஒழுகியது மழையாக இருந்திருக்காது, மாடுகளின் மூச்சாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அப்பா, நம் செவலைக் கன்றைப் பற்றி நாம் பிறகு பேசவே இல்லை. அந்த ஆடி மாதச் சாரலுக்குப் பயந்து, கன்றுக்குக் குளிரடிக்கும் என்று, நானே தார்ப்பாய் எடுத்து வந்து தொழுவத்தை நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். ஒரு வாரத்தில் இருமல், பிறகு மூக்கொழுகல், பிறகு சளிக்காய்ச்சல். மருத்துவர் வந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. இங்கே வந்த இரண்டாவது வாரத்தில் கன்றுக் கொட்டிலில் என்னை முழங்காலிட்டு உட்காரச் சொன்னார்கள். கன்று படுத்தால் அதன் மூக்கு எங்கே இருக்குமோ அந்த உயரத்தில் மூச்சை இழுக்கச் சொன்னார்கள். நின்றபோது ஒன்றும் தெரியவில்லை. குனிந்ததும் கண் எரிந்தது. மாட்டுக் கொட்டகையில் அமோனியா பத்து லட்சத்தில் 20 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவு. கன்றுக்கு அதிலும் பாதியே மேல் என்கிறார்கள். அந்த ஆடியில் நம் தார்ப்பாய்க்குள் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் காரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தரை போடுவதற்கு அது தேவைப்படும். மூத்திரத்தில் யூரியா இருக்கிறது. தனியாக இருக்கும்வரை அது பெரிதாக நாறாது. சாணத்தில் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. இரண்டும் கலந்தால் சில மணி நேரத்திலேயே யூரியா உடைந்து அமோனியா ஆகிவிடும். ஆகவே மூத்திரம் விழுந்தவுடன் சாணத்தைவிட்டு ஓடிப்போக வேண்டும். இங்கே கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்யும் ஆராய்ச்சியின் சாரம் பெரும்பாலும் இவ்வளவுதான். நடுவில் ஓடை வைத்துச் சரித்த தரை, சாணத்தைத் தள்ளிக்கொண்டே ஊர்ந்து போகும் இயந்திரம், மூத்திரத்தைத் தனியாகப் பிடிக்கும் மாட்டுக் கழிப்பறை என்று என்னென்னவோ வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் டும்மர்ஸ்டோர்ஃப் என்ற ஊரிலுள்ள ஆய்வு நிலையத்தில் 16 கன்றுகளுக்குக் கழிப்பறைப் பழக்கம் கற்றுக்கொடுத்துப் பார்த்து, 11 கன்றுகள் கற்றுக்கொண்டன என்று 2021-இல் வெளியிட்டார்கள். அம்மையிடம் இதைச் சொல்லுங்கள். தம்பியைப் பழக்க அவர் பட்ட பாட்டை நினைத்துச் சிரிப்பார்.

டென்மார்க்கில் செய்யும் ஒரு வேலை தங்களுக்கு உடனே விளங்கும். தாங்கள் ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி ஷீட்டுக்கு உறைய வைக்கிறீர்கள் அல்லவா? அவர்கள் சாணக் குழம்பில் கந்தக அமிலத்தை ஊற்றுகிறார்கள். புளிப்பு ஏறினால் அமோனியா வாயுவாகப் பறக்காமல் குழம்பிலேயே தங்கி, வயலுக்கு உரமாகப் போகிறது. ஆனால் அதைப் படித்துவிட்டுத் தாங்கள் ஷீட் ஆசிட்டை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போகக் கூடாது. அது இயந்திரம் வைத்து அளந்து செய்கிற வேலை. சாண எரிவாயுக் கலனுக்குள் போனால் வாயு தரும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும்.

இந்த நாட்டின் விசித்திரம் ஒன்று உண்டு. நம் ஊரில் வாழைத் தோட்டத்துக்கு ஒரு லோடு சாணம் வேண்டுமென்றால் முன்பணம் கொடுத்துக் காத்திருக்கிறோம். இங்கே விவசாயிகள் பணம் கொடுத்துச் சாணத்தை லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். மாடு அதிகம், நிலம் குறைவு. ஐரோப்பாவில் 1991-இல் வந்த நைட்ரேட் சட்டத்தின்படி ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ நைட்ரஜனுக்கு மேல் சாணமாகக் கொட்டக் கூடாது. இந்த நாட்டுக்கு அளித்திருந்த விலக்கும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2025-உடன் முடிகிறது. குளிர்காலம் முழுவதும் குழம்பை வயலில் விடவே தடை. இப்போது பிப்ரவரி நடுவில் தடை நீங்கியதால் சில நாட்களாக ஊரெங்கும் டிராக்டர் சத்தம்தான். அதையும் நாம் வீசுவதுபோல வீச முடியாது. பெரும்பாலும் மண்ணைக் கீறி உள்ளே விட வேண்டும்.

எங்கள் வேலை அளப்பது. திறந்த கொட்டகையில் எவ்வளவு காற்று வந்து போகிறது என்று அளக்க மாடு விடும் கரியமில வாயுவையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம். அளந்ததில் தெரிந்த உண்மை ஒன்று பலருக்குக் கசந்தது: சோதனையில் மிக நன்றாக வேலை செய்த விலையுயர்ந்த தரைகள் விவசாயியின் கொட்டகைக்குப் போனபின் சொன்ன அளவுக்கு அமோனியாவைக் குறைக்கவில்லை. ஆகவே யாராவது படப்புத்தகத்தைக் காட்டி எதையாவது விற்க வந்தால், ஏற்கெனவே போட்டிருக்கும் ஒரு தொழுவத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் முறைதான் எனக்கு இங்கே மிகவும் பிடித்தது. நான் முன்பு ஊர்ப்பக்கம் ஒரு பயிற்சிக்குப் போனேன். இடம் எது என்று எழுதவில்லை. கூடத்தில் படம் காட்டினார்கள், வடையும் தேநீரும் கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், ஒரு மாட்டைக்கூடப் பார்க்காமல் திரும்பினேன். இங்கே பத்துப் பன்னிரண்டு விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் வீட்டுக் கொட்டகைக்குப் போகிறார்கள். பயிற்சியாளர் பேசுவதே இல்லை. ஒரு புகைக்குழலைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். புகை மேலே போகிறதா, மூலையில் சுற்றிக்கொண்டு நிற்கிறதா, கன்றின் மேல் வந்து படிகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். பிறகுதான் பேச்சு.

அம்மையிடம் சாம்பிராணித் தட்டு இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு, மாடுகளை அவிழ்க்கும் முன், பழைய தொழுவத்தின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அதை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புகை எந்த மூலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கிறதோ அங்கே அடையாளம் போட்டுத் தம்பியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இனிப் புதுத் தொழுவத்துக்கு வருகிறேன். மேற்குச் சுவர் முழுச் சுவராகவே இருக்கட்டும். தெற்கிலும் வடக்கிலும் மூன்றடிச் சுவர் போதும். அதற்கு மேல் கம்பி வலை. திருட்டுப் பயத்துக்கு வலையே போதும். ஆனி ஆடிச் சாரலுக்குத் தெற்குப் பக்கம் மட்டும் ஒரு தார்ப்பாய், ஆனால் அதைக் கீழிருந்து மேலாக இழுத்துக் கட்ட வேண்டும். மேலே ஓர் அடியாவது எப்போதும் திறந்திருக்க வேண்டும். கூரையின் இறக்கம் மூன்றடி வெளியே நீளட்டும். மோட்டில், பத்தடி அகலத்துக்கு இரண்டு அங்குலம் என்பது குறைந்தபட்ச அளவு. நமக்கு இருபதடி என்பதால் நான்கு அங்குலம், நீளம் முழுவதும். மழை உள்ளே விழும் என்று கொத்தனார் சண்டை போடுவார். அந்த இடைவெளிக்கு மேலே முக்கால் அடி உயர்த்தி ஒரு தகரத் தொப்பி வைக்கச் சொல்லுங்கள். ஆரல்வாய்மொழியில் இருந்தால் காற்றுக்குப் பஞ்சமே இல்லை, இவ்வளவு யோசிக்கவும் வேண்டாம். நம் வீடோ குலசேகரத்தில், ரப்பர் மரங்களின் அடியில், இலைகூட அசையாத புழுக்கத்தில் இருக்கிறது.

தரைக்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிவு கொடுங்கள். மூத்திரம் ஓடையில் இறங்கித் தனித் தொட்டிக்குப் போகட்டும், தண்ணீர் கலந்து அன்றன்றைக்குத் தீவனப்புல்லுக்கு விடலாம். ஒரு பசுவுக்குக் கூரைக்கு அடியில் 3.5 சதுர மீட்டரும் வெளியே 7 சதுர மீட்டரும் என்பது நம் நாட்டு அளவு. படத்தில் வெளி இடமே இல்லை. படுக்கும் இடத்தில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். மாடு ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் படுத்திருக்கும். இங்கே எல்லா மாடும் மெத்தைமேல் படுத்திருக்க, ரப்பர் எடுக்கும் நம் வீட்டில் மாடு வெறும் சிமென்டில் கிடப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாணத்தை மழையில் குவிக்காதீர்கள்; நம் ஊரின் இரண்டு பருவமழையும் அதன் சத்தைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோய்விடும். நான்கு மாட்டுச் சாணம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோ வரும். இரண்டு கன மீட்டர் எரிவாயுக் கலனுக்கு அது சரியான அளவு. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, போய்க் கேளுங்கள். தொழுவத்தின் படத்தைத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஒருமுறை காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. கலனையோ மூடிய சாணக் குழியையோ சுத்தம் செய்ய யாரும் உள்ளே இறங்கக் கூடாது. குழம்பைக் கலக்கும்போது அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், அடுத்து மயக்கம். விழுந்தவரைத் தூக்கப் போனவரும் விழுவார். கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் நம் பழக்கம் இங்கே உதவாது. உள்ளே மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்கு வினையாகும்.

லட்சுமி பங்குனியில் ஈனும் என்று தம்பி எழுதியிருந்தான். அதற்குள் தொழுவம் முடியாவிட்டாலும் கவலையில்லை, கன்றைப் பலா மரத்தடியில் ஓலைச் சாய்ப்பில் கட்டுங்கள். கொத்தனார் நான்கு அங்குலத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என் எண்ணைக் கொடுங்கள், நானே அவரிடம் பேசிக்கொள்கிறேன்.

தங்கள் அன்பு மகள்