ரேம் மாற்றினால் மதர்போர்டு போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கூடுதல் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) போட்ட பிறகு கணினியில் திரையே வரவில்லை, மதர்போர்டு (எல்லா உறுப்புகளையும் இணைக்கும் தாய்ப்பலகை) போய்விட்டதாகக் கடையில் சொல்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். பழைய கணினியைத் திறக்கவே கூடாது என்றும் அவர் எழுதியிருந்தார். கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பிழைக்கிறவன் நான். ரேம் மாற்றியதால் போர்டு சாவது அபூர்வம். போட்ட ரேம் அந்தப் போர்டோடு ஒத்துப்போகாததுதான் அன்றாடம் நடப்பது. வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். இதை வைத்துத்தான் சிலர் காசு பார்க்கிறார்கள்.

இந்தப் புகாரோடு வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். ஏஐ தரவு மையங்களுக்கு மெமரி சிப்புகள் போய்க் குவிவதால் ரேம் விலை ஏறிவிட்டது. மெமரி சிப்பு தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம், குருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த தொழிலையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. புதுக் கணினி வாங்க முடியாதவர்கள், இருப்பதற்கே இன்னொரு ரேம் போட்டு ஓட்டலாம் என்று பழைய சரக்கைத் தேடுகிறார்கள். வம்பு அங்கேதான்.

பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் மடிக்கணினி கொண்டுவந்தான். இன்டெல் நான்காம் தலைமுறை பிராசசர், மெல்லிய ரகம். ரேம் போட்ட கடையிலேயே போர்டு மாற்ற 7,500 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். பின்மூடியைக் கழற்றி ரேம் ஸ்டிக்கரைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு; அந்த இயந்திரத்துக்கு வேண்டியது 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல். போட்டுக் கொடுத்திருந்தது 1.5 வோல்ட் சாதா டிடிஆர்3. இரண்டுக்கும் அடிவிளிம்பில் 204 கால்கள்தான் (மின்தொடர்புப் பட்டைகள்), விளிம்பிலிருக்கும் வெட்டும் ஒரே இடத்தில்தான். செருகினால் கச்சிதமாக உட்காரும், ஆனால் 1.35 மட்டுமே தரும் போர்டில் உயிர் வராது. டிடிஆர்4 ஆக இருந்தால் வெட்டு இடம் மாறியிருக்கும், ஸ்லாட்டுக்குள்ளேயே போகாது, தவறு அங்கேயே தெரிந்துவிடும். ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருக்கிறதா, வெறும் பிசி3 என்று இருக்கிறதா, அந்த ஓர் எழுத்தைப் பார்த்திருந்தால் போதும்.

“பழைய ரேம் எங்கே தம்பி?” என்றேன். கடையிலேயே வைத்துக்கொண்டார்களாம். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். புது ரேமைக் கழற்றிவிட்டுப் பழையதைச் செருகிப் பார்ப்பதுதானே முதல் சோதனை? படம் வந்துவிட்டால் போர்டு பிழைத்திருக்கிறது, பேச்சு முடிந்தது. அதைச் செய்யக்கூட அவனிடம் பொருள் இல்லை. என்னிடமிருந்த 1.35 வோல்ட் ரேமைப் போட்டேன், திரை வந்தது.

மேசைக் கணினியில் சிக்கல் வேறு மாதிரி வரும். 8 ஜிபி டிடிஆர்3 ரேமில் சிலவற்றில் 16 சிப்புகள் இருக்கும், சிலவற்றில் எட்டுதான். இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கணினிகள் 16 சிப்பு உள்ளதை ஏற்கும். எட்டு சிப்பு என்றால் ஒவ்வொன்றின் கொள்ளளவும் இரட்டிப்பு, அதைப் படிக்க அவற்றுக்குத் தெரியாது. இன்னொரு வகை, இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி நிறுவனத்தின் பிராசசர் உள்ள போர்டில் மட்டுமே ஓடுவது. விலை மலிவாக இருக்கும். இன்டெல் போர்டில் போட்டால் ஒன்றும் நடக்காது.

வீட்டிலேயே பார்க்க விரும்புகிறவர்கள் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மடிக்கணினியானால் பேட்டரியையும் துண்டித்துவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரம் வடிந்தபின் பழைய ரேமை மட்டும் போட்டுப் பார்க்கலாம். மேசைக் கணினியில் ரேம் பாதி உட்கார்ந்து நிற்பதும் சகஜம்; கிளிப் டக்கென்று பூட்டும்வரை இரண்டு முனையிலும் சமமாக அழுத்த வேண்டும். அப்புறமும் வரவில்லையா, மறுபடியும் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, போர்டிலுள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைச் சற்று நேரம் எடுத்துவைத்துத் திரும்பப் போடலாம். கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸ் பழைய அமைப்பை மறந்துவிடும். கால்கள் கறுத்திருந்தால் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டால் போதும். உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அந்தத் தங்க முலாம் எவ்வளவு மெல்லியது என்று அவர்களுக்குத் தெரியாது போலும். டிடிஆர்5 உள்ள புதுக் கணினி என்றால் பொறுமையும் வேண்டும். ரேம் மாற்றியபின் முதல்முறை, அது ரேமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடம் ஆகலாம். அதுவரை திரை கறுப்புதான். பயந்து நடுவில் அணைக்கக் கூடாது.

கடைக்காரர்களிடம் ஒரு கோரிக்கை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சடித்துவிட்டால் பொறுப்பு தீர்ந்ததாக நினைக்கிறார்கள். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ஆனால் ரேமில் குறையில்லை, உங்கள் இயந்திரத்துக்குத்தான் சேரவில்லை என்று கடைக்காரர் வாதாடலாம். அதனால்தான் சொல்கிறேன்: ரேமின் வகை, வோல்ட் இவற்றோடு, எந்தக் கணினிக்காகக் கொடுக்கப்பட்டது என்று அதன் மாடலையும் பில்லில் எழுத வேண்டும். கழற்றிய பழைய ரேமைக் கையில் கொடுக்க வேண்டும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாடல் எழுதிய பில்லோடு கூப்பிட்டால் வழக்கு நம் பக்கம் வலுவாக நிற்கும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
கும்பகோணம்.