54-ஐ ஒருமுறை வகுத்துப் பாருங்கள்

மதுரை மாவட்டப் பள்ளி மாணவர்களுக்குக் கணிதத் திறன் போட்டி நடத்திய குழுவினருக்கு,

வணக்கம். இருமுறை மனுக் கொடுத்தும் தீர்வு கிடைக்காததால் இம்மடலை எழுதுகிறேன். ஓர் எண்ணின் காரணிகள் அனைத்தையும் கூட்டி, அக்கூடுதலை அதே எண்ணால் வகுக்கையில் மீதி 12 வரும் எண்களை 100-க்குள் கண்டறியச் சொன்னீர்கள். உங்கள் விடைக்குறிப்பில் 30, 42, 66, 78 ஆகிய நான்கே உள்ளன. அவற்றோடு 24, 54 ஆகியவற்றையும் எழுதிய என் மாணவிக்குச் சுழியம் போட்டிருக்கிறீர்கள்.

குறிப்பு எப்படிப் பிறந்தது என்பது புரிகிறது. 6-ஐ, 3-ஐவிடப் பெரிய எந்தப் பகா எண்ணால் பெருக்கினாலும், வரும் எண்ணின் காரணிக் கூடுதல் அவ்வெண்ணின் இரு மடங்கைவிடச் சரியாக 12 அதிகமாக இருக்கும். அழகான விதிதான், ஆனால் மீதி 12 தரும் எண்கள் எல்லாம் அந்த விதிக்குள் அடங்கிவிடும் என்று யார் சொன்னது? 54-இன் காரணிகள் 1, 2, 3, 6, 9, 18, 27, 54, கூடுதல் 120, அதில் 108 போக மீதி 12. 24-க்குக் கூடுதல் 60. 48 போக 12. (அடுத்த ஆண்டு 150 வரை கேட்பதாக இருந்தால், 121-ஐயும் மறந்துவிடாதீர்கள்.)

அவளுடைய இணைப்புத் தாளின் நகலைப் பார்த்தேன். மீதி 12 என்றால் வகுக்கும் எண் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று 13-இல் தொடங்கி, பகா எண்களுக்கு மீதி 1 மட்டுமே என்று அவற்றை அடித்துவிட்டு, எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டியிருக்கிறாள். அத்தனையின் குறுக்கேயும் சிவப்பு மையில் ஒரே கோடு. பெற்றோர் நேரில் வர வேண்டும் என்றீர்கள். உசிலம்பட்டிப் பக்கம் விடியலில் மல்லிகை பறிக்கும் அவள் தாய், இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு ஆரப்பாளையத்தில் வந்து இறங்கினார். முதல் நாள் பொறுப்பாளர் இல்லை என்றார்கள். இரண்டாம் நாள் விடைக்குறிப்பே இறுதியானது என்றார்கள். 120-ஐ 54-ஆல் வகுத்துப் பார்க்க அங்கிருந்த எவருக்கும் மனம் வரவில்லை.

குறிப்பே இறுதியானால், இனி எண்கள்தாம் அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும் போலும். கணக்குத் தெரியாவிட்டாலும் குறிப்போடு ஒப்பிடத் தெரிந்தால் தாள் திருத்தலாம் என்ற வழக்கம் உங்களோடு தொடங்கியதன்று என்பதையும் அறிவேன். அதை இங்கே நீட்டவில்லை.

24, 54 இரண்டையும் சேர்த்து விடைக்குறிப்பைத் திருத்தி, ஆறு எண்களையும் எழுதிய அனைவருக்கும் முழு மதிப்பெண் வழங்குமாறு பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். முடிவை அஞ்சலில் தெரிவியுங்கள். அந்த அம்மாவை மூன்றாம் முறை வரச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
அவளுடைய கணித ஆசிரியர்,
உசிலம்பட்டி வட்டம்.