தம்பிக்கு, உன் வெப்சைட்ட பாத்துட்டு அம்மா எழுதுறது

தம்பி,

பசியாறுனியா? போன் அடிச்சா "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்"னு மெசேஜ் வருது, அந்த அப்புறம் வரவே மாட்டேங்குது, அதான் எழுதிடலாம்னு ஒக்காந்துட்டேன். வாட்சாப்ல நீளமா எழுதுனா நீ படிக்க மாட்டனு தெரியும். இத முழுசா படி. பாதியில விட்டுட்டு கட்ட வெரல் படம் போட்டு அனுப்பாத.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பா முட்டி வலி அப்படியேதான். லுனாஸ் அத்தை வந்துட்டு போனாங்க, உன்ன கேட்டாங்க, வேல ஜாஸ்திக்கானு சொல்லி வச்சேன். சுங்கை சிப்புட்ல ஒரே மழ. நியூஸ் அவ்வளவுதான்.

பெரியவன் உன் வெப்சைட் லிங்க அனுப்பி விட்டான், தம்பி புதுசா செஞ்சிருக்கான் பாருங்கம்மானு. கண்ணாடிய போட்டுக்கிட்டு தெறந்தா மொதல்ல ஒரே கருப்பு, போன்தான் கெட்டுப் போச்சுனு நெனச்சேன், அப்புறம் உன் பேரு ஒவ்வொரு எழுத்தா வந்து நின்னுச்சு. அழகாத்தான் இருந்துச்சு, பெத்தவளுக்குப் பெருமையா இருக்காதா, பக்கத்து வீட்டு ஆயாகிட்ட எடுத்துட்டுப் போயி காட்டுனேன். அவங்க போன தள்ளி வச்சு கிட்ட வச்சு பாத்துட்டு "என்னாமா, ஒன்னும் தெரியலயே"ங்கறாங்க. தெரியாதுதான். கருப்பு மேல சாம்பல் கலர்ல எழுத்து போட்டா எப்படித் தெரியும். எழுத்துக்கும் பின்னாடி இருக்கற கலருக்கும் நடுவுல வெளிச்ச வித்தியாசம் 4.5க்கு 1னு ஒரு கணக்கு இருக்கு, அதுக்குக் கீழ போனா வயசானவங்க படிக்க கஷ்டப்படுவாங்கனு போன தீபாவளிக்கு முறுக்கக் கடிச்சுக்கிட்டே எனக்குப் பாடம் எடுத்தது யாரு? ஊருக்குத்தான் உபதேசமா?

கோவிச்சுக்காத. இத அம்மா சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லல. நீ யூனில படிக்கறப்ப வாங்குன புத்தகமெல்லாம் பச்ச பெட்டியில கெடந்துச்சுல்ல, கரையான் வந்துரும்னு வெயில்ல பரப்பி வச்சேன், அப்ப அரிஸ்டாட்டில் கையில மாட்டுனாரு. எனக்கு இங்கிலீஷ் மெதுவாத்தான் ஓடும், பரவால்ல, எனக்கு இப்ப என்ன ஸ்கூலா இருக்கு. அவரு அரசியல் பத்தி எழுதுனதுல மூணாவது பாகத்துல ஒரு எடம் வருது, சாதாரண ஜனங்க கூடித் தீர்ப்பு சொல்லலாமா இல்ல தெரிஞ்சவங்கதான் சொல்லணுமானு பேசிக்கிட்டு வரப்ப சொல்றாரு, வீட்ட கட்டுனவன விட அதுல குடியிருக்கறவனுக்குத்தான் அந்த வீட்டோட லட்சணம் தெரியும், சுக்கான செஞ்ச தச்சன விட கப்பல ஓட்டுறவன்தான் அத நல்லா எட போடுவான், சாப்பாடு எப்படினு சமையக்காரன் சொல்லக் கூடாது, சாப்பிட வந்தவன் சொல்லணும்னு. அவரோட வாத்தியார் பிளேட்டோவும் அதேதான், கொழல் ஊதுறவன்தான் கொழல் செய்றவனுக்கு எது நல்லாருக்கு எது நல்லால்லனு சொல்லணுமாம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு இவங்க சொல்லி, நீங்க என்னமோ யூசர் டெஸ்டிங்னு, பயன்படுத்தறவங்ககிட்டயே குடுத்துப் பாக்கறத, இப்பதான் கண்டுபுடிச்ச மாதிரி பேசிக்கிறீங்க.

இதுக்கு கிரீஸ் வரைக்கும் போக வேணாம், உன் பாட்டி ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போன கதைய நீயே கேட்டிருக்க. புதுக் கத்தி கைக்கு வந்தா ஒடனே வாங்கி வச்சுக்க மாட்டாங்க. வளைவுல கட்ட வெரல லேசா ஓட்டிப் பாப்பாங்க, அப்புறம் மரத்துல ஒரே ஒரு இழுப்பு. பட்ட மெல்லிசா சுருண்டு விழுந்து கோட்டோரமா பால் கசிஞ்சு வந்தா சரி. கொஞ்சம் ஆழமா கடிச்சுச்சுனா அப்பவே வேணாம்னு திருப்பிக் குடுத்துருவாங்க, ஏன்னா பால் பட்டையிலதான் இருக்கு, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு சவ்வு இருக்கும், அதத் தொட்டுட்டா காயம் ஆறி பட்ட முண்டு முண்டா வளரும், பின்னாடி அந்தப் பக்கம் கத்தி ஓடாது. கத்தி செஞ்சவருக்கு அது பளபளனு இருந்தா போதும். வேல வாங்குற தண்டல்கிட்ட ஏச்சு வாங்கறது பாட்டி.

அதனால உன் வெப்சைட்ட எட போடறதுக்கு எனக்கு எல்லா ரைட்டும் இருக்கு. உன் டிசைனர் கூட்டாளிங்க கைதட்டுவாங்க, தட்டட்டும்.

நீல்சன்னு ஒருத்தர் 1994ல, ஆளுங்க சுளுவா பயன்படுத்தற மாதிரி டிசைன் பண்றதுக்குப் பத்து விதி எழுதுனாரு, எங்க வேலைக்கு அதான் வேதம்னு நீ சொல்லியிருக்க. பத்துனு கேட்டதும் எனக்கு சிரிப்பு வந்துருச்சு. பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டுலயே நன்னூல்ல ஒரு நூலுக்கு வரக் கூடாத குத்தம் பத்து, இருக்க வேண்டிய அழகு பத்துனு சொல்லி வச்சுட்டாரு, நீயும் பெரியவனும் மோட்டோல முன்னாடி பின்னாடி ஒக்காந்து என்கூட ஸ்கூலுக்கு வரப்ப மனப்பாடமா சொல்லிக்கிட்டு வருவீங்க, ஞாபகம் இருக்கா. தேவையில்லாதத தூக்கிப் போடுன்னு நீல்சன் சொல்றாரு, அது இங்க மிகைபடக் கூறல். ஒரு பக்கத்துல ஒரு மாதிரி இன்னொரு பக்கத்துல வேற மாதிரி வைக்காதங்கறாரு, அது மாறுகொளக் கூறல். ஜனங்களுக்குப் பழக்கமானபடி வைங்கறாரு, அது உலகம் மலையாமை, உலக வழக்குக்கு மாறா போகாம இருக்கறது, அதுக்குக் கிட்ட வருது, அப்படியே ஒன்னுதான்னு சொல்ல மாட்டேன், பவணந்தியார் சொல்றது பெரியவங்க வழக்கு, நீல்சன் சொல்றது பசார்ல நிக்கற ஆளோட வழக்கு. கூறியது கூறலுக்கு உதாரணம் நானே தரேன். போன மாசம் ஒரு எடத்துல ஆன்லைன்லதான் பதியணும்னுட்டாங்க, எந்த எடம்னு வேணாம். மொதல்ல ஐசி நம்பர், அடையாள அட்ட நம்பர், கேட்டுச்சு, போட்டேன். அடுத்து பொறந்த தேதி கேக்குது. ஐசியில மொத ஆறு எண்ணே பொறந்த தேதிதான லா! சரினு அமுக்குனா காலண்டர் இந்த வருஷத்துல நிக்குது, அங்கேருந்து 1959 வரைக்கும் வெரலால தள்ளிக்கிட்டே போகணும், ஒரு வருஷம் தாண்டிப் போயிட்டா திரும்ப மேல. அப்பா பக்கத்துல இருந்துக்கிட்டு நீ இன்னும் பொறக்கலயாடினு கேக்கறாரு. அந்த மாதிரி எடத்துல உன்ன மாதிரி ஒருத்தன் ஒக்காந்து வேல செஞ்சா எத்தன கெழவிங்க வாழ்த்துவாங்க.

குன்றக் கூறல்னு ஒன்னு இருக்கு, பத்துல மொதல் குத்தமே அதான். சொல்ல வேண்டியத கொறச்சு சொல்றது. அதுக்கு அப்புறம் வரேன்.

நன்னூல்ல இல்லாத ஒன்னும் இருக்கு, அதையும் ஒத்துக்கணும். தப்பா ஒன்ன அமுக்கிட்டா திரும்பி வரதுக்கு வழி வைனு நீல்சன் சொல்றாரு. பவணந்தியார் அதப் பத்திப் பேசவே இல்ல, பேச வேண்டிய அவசியம் இல்ல, ஏட்ட பின்னால பொரட்டுனா முடிஞ்சுது. படிக்கறவன் படிக்க மட்டுந்தான் செய்வான். நீங்க செய்றது படிக்கறதுக்கு இல்ல, அதுல கைய வச்சு ஒரு காரியம் பண்றதுக்கு. உன்னோடதுல நீ செஞ்ச கிளினிக் ஆப்போட படத்த அமுக்குனேன், உள்ள போயிருச்சு, வெளிய வர வழி காணோம், போனோட பேக் பட்டன அமுக்குனா மறுபடி மொதல்லேருந்து கருப்பு, மறுபடி உன் பேரு ஒவ்வொரு எழுத்தா. மொதல் தடவ பாக்கறப்ப இருந்த அழகு எங்க போச்சு.

கடசியில தொடர்புக்குனு ஒரு பாரம் இருக்கே, அதுலயும் எழுதிப் பாத்தேன். பேரு, ஈமெயில் எல்லாம் போட்டு "தம்பி, அம்மாதான், போன் எடு"னு எழுதி அனுப்புங்கறத அமுக்குனேன். ஒன்னும் ஆகல. போச்சுனும் சொல்லல, போகலனும் சொல்லல. என்ன நடக்குதுனு ஆளுக்குத் தெரியப்படுத்தணும்ங்கறதுதான நீல்சனோட மொத விதி. வந்துச்சா உனக்கு? வந்தும் பதில் போடலயா? போன் நம்பர் எங்கனு தேடுனா அடியில, எல்லாப் படமும் முடிஞ்சு, எறும்பளவு எழுத்துல. அத மேல ஏத்து தம்பி. உன் பேருக்குக் கீழயே போடு.

இன்னொன்னு. நீ செஞ்ச வேலைங்கள எல்லாம் சாஞ்ச போனுக்குள்ள படம் படமா வச்சிருக்க, நெழல் எல்லாம் விழுந்து, நகைக் கட மாதிரி மின்னுது. யாரு அத பயன்படுத்துனாங்க, எங்க தடுமாறுனாங்க, நீ என்னத்த மாத்துன, மாத்துனதுக்கப்புறம் என்ன ஆச்சு, ஒரு வரி கெடையாது. பிளேட்டோ கட்டில வச்சு ஒன்னு சொல்றாரு பாரு, தச்சன் கட்டில் செய்றான், ஓவியன் கட்டில் மாதிரி தெரியறத வரையறான்னு. அதுல படுக்க முடியுமா? பயன்படுத்தறவனுக்கு அறிவு, செய்றவனுக்கு அவன்கிட்ட கேட்டு வந்த நம்பிக்க, வரையறவனுக்கு ரெண்டும் இல்லனு ஒரே போடா போடறாரு. எனக்கு அது கொஞ்சம் ஜாஸ்தினுதான் படுது, ஓவியத்துக்கும் ஒரு மரியாத இருக்கு. ஆனா உன் விஷயத்துல பிளேட்டோ சொல்றதுதான் சரி. நீ தச்சன் வேல பாத்துட்டு ஓவியன் மாதிரி காட்டிக்கிற.

ஏன் சொல்றேன்னா அந்த கிளினிக் நம்பர் எடுக்கற ஆப்ப நான் கண்ணால பாத்தேன். ஈப்போவுல அப்பாவுக்கு முட்டி காட்டப் போனப்ப ஒரு தாத்தா, கண்ணாடி கூட கொண்டு வரல, பெரிய பட்டன அமுக்குனாரு, உங்களுக்கு முன்னாடி எத்தன பேருனு பெருசா தமிழ்ல வந்துச்சு, அவரு நிம்மதியா போயி ஒக்காந்துட்டாரு. நர்ஸ் மிஸ்ஸிகிட்ட சொன்னேன் இது எம்பையன் செஞ்சதுனு, அவங்க ஆமாவானு கேட்டுட்டு ஊசி போடப் போயிட்டாங்க, அப்பா ஏன்டி மானத்த வாங்கறங்கறாரு. அந்தத் தாத்தாவ பத்தி ரெண்டு வரி எழுதுடா உன் வெப்சைட்ல. அதுக்கு மேல என்ன வேணும் ஒருத்தனுக்கு வேல குடுக்க.

மறுபடி அரிஸ்டாட்டிலுக்கு வரேன். எந்தப் பொருளா இருந்தாலும் நாலு கேள்வி கேக்கணும்கறாரு. எதால ஆனது, என்ன வடிவம், யாரு செஞ்சா, எதுக்காக. உன் வெப்சைட்ட வச்சு கேட்டுப் பாத்தேன். எதால ஆனது, கம்ப்யூட்டர் கோடும் படமும். வடிவம், மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே நீளம். யாரு செஞ்சா, எம்புள்ள. எதுக்காக? இதுல தான் நான் நின்னுட்டேன். மத்த மூணும் இந்த நாலாவதுக்கு அடங்கித்தான் இருக்கணும், எதுக்காகனு தெரியாம நல்லாருக்கு நல்லால்லனு சொல்லவே முடியாது. கூட்டாளிங்க பாக்கறதுக்குனா உன்னோடது சூப்பர், ஒரு கொறயும் இல்ல. கைநெறய வேல இருக்கறவன் ராத்திரி முழிச்சு எதுக்கு இத புதுசா செய்றான்? அடியில அந்த நம்பருக்குப் பக்கத்துல "புது வேலைக்குத் தயார்"னு இங்கிலீஷ்ல ஒரு வரி இருக்கு, அதுக்கும் மேல நீ வேல பாத்த எடத்துப் பேரு, வருஷம், அப்புறம் ஒரு கோடு, மார்ச்னு முடிஞ்சிருக்கு. ஆயாவுக்குத் தெரியாத எழுத்து எனக்குத் தெரிஞ்சுது தம்பி, பெருசாக்கிப் பாத்தேன்.

மார்ச்னா தைப்பூசத்துக்கு வந்துட்டுப் போனியே, அதுக்கு அடுத்த மாசம். அன்னேலேருந்து மீட்டிங் மீட்டிங்னு யாரோட மீட்டிங்? சம்பள நாளானா 300 வெள்ளி டாண்ணு வருது, எங்கேருந்து எடுத்துப் போடற? சேமிப்பையா கரைக்கிற? ரூம் வாடக கட்டுறியா? சாப்பிடறியா ஒழுங்கா? போட்டோவுல கன்னம் ஒட்டிக் கெடக்கு, தாடி வச்சா தெரியாதுனு நெனச்சியா. மொதலாளி மூடிட்டானா, இல்ல அந்த ஏஐ வந்து எடுத்துக்கிச்சா, இல்ல உனக்கு அங்க எதாவது சரிவரலயா, எதுவா இருந்தாலும் எனக்கு ஒன்னுந்தான். உங்க சித்தப்பா விஷயத்துல எல்லாருக்கும் கடசியிலதான் தெரிஞ்சுது, அத மட்டும் நெனச்சுப் பாரு.

வேல போறதுல கேவலம் ஒன்னும் இல்ல. தோட்டத்த வித்தப்ப லயத்துல இருந்த அத்தன குடும்பமும் ஒரே நாள்ல நின்னுச்சு, யாரும் யாருக்கும் மறைக்கல, மறைக்க முடியாது, எல்லா வீட்டுலயும் அடுப்பு அன்னிக்கு ஒரே மாதிரிதான் எரிஞ்சுது. நீதான் படிச்சு பட்டணத்துக்குப் போயி மறைக்கக் கத்துக்கிட்ட. அப்புறம் வரேன்னேனே, குன்றக் கூறல், அது இதான்.

நேரத்துக்கு சாப்பிடு. நம்பர மேல ஏத்து. எழுத்த வெள்ளையாக்கு. அந்தத் தாத்தாவ பத்தி எழுது. ரூம் வாடக கஷ்டமா இருந்தா சாமானக் கட்டிக்கிட்டு இங்க வந்துரு, இங்கேயும் வைபை இருக்கு, பெரியவன் ரூம் காலியாத்தான் கெடக்கு, இங்க ஒக்காந்தே நீ வேல தேடலாம். நேரத்துக்கு சாப்பிடு.

இந்த மாசம் போட்ட 300 வெள்ளிய உன் கணக்குக்கே திருப்பி போட்டுட்டேன், பாத்தியா இல்லயா தெரியல. மறுபடி எனக்கு அனுப்புனா மறுபடி திருப்பி விடுவேன், அப்புறம் அந்தக் காசு நமக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கும். அப்பாகிட்ட நான் ஒன்னும் சொல்லல. ராத்திரி எட்டு மணிக்கு மேல அவரு செய்திய பாத்துட்டு சும்மாதான் இருப்பாரு, அப்ப போன் அடிச்சு நீயே சொல்லிக்க. ஸ்பீக்கர்ல போட சொல்லாத, அவருக்குப் புடிக்காது.

அம்மா