அடித்த வரிகளோடு ஓர் ஆண்டு: ஒரு மாணவியின் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

நீடாமங்கலம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் அரசுப் பள்ளியில் படித்து, இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்ற மாணவி நான். முடிவு வந்த அன்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னை மட்டுமே பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு வேறு சிலருக்குச் சேர வேண்டியது என்பதால், பலரும் படிக்கும் வகையில் இந்த மடலை எழுதுகிறேன். அவர்களில் யாரும் தம் பெயரை எழுதச் சம்மதிக்கவில்லை; ஊர்க்காரர்களுக்குப் பெயர் சொல்லாமலே தெரிந்துவிடும்.

எங்கள் பகுதியில் பள்ளியும் ஆறும் பெரும்பாலும் ஒரே மாதத்தில் திறக்கும். மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் விடுவது வழக்கம். அது கல்லணைக்கு வந்து, அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, எங்கள் பக்கத்து மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து போகும். தண்ணீர் வரும் அந்த வாரத்தில்தான் வகுப்பாசிரியை எங்களுக்கு ஆளுக்கு அரைத்தாள் கொடுத்து, இந்த ஆண்டு எதைச் செய்து முடிக்கப்போகிறோம் என்று எழுதித் தரச் சொன்னார். கணக்கில் 80 மதிப்பெண் எடுப்பது, நூலகத்தில் 30 புத்தகங்கள் படிப்பது, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தடுமாறாமல் பேசுவது என்று மூன்றை எழுதினேன். அந்தத் தாளை மடித்து நிலவரைபட ஏட்டுக்குள் வைத்தேன். ஆண்டு முழுவதும் அது அங்கேயே கிடந்தது.

காலாண்டுத் தேர்வில் கணக்கில் நான் எடுத்தது 31. தேர்ச்சிக்கு 35 வேண்டும். "உனக்குக் கணக்கு வராது, இப்பவே வேற குரூப் பாத்துக்க" என்று அப்போது ஒருவர் சொன்னார்; அவர் யார் என்பது இந்த மடலுக்கு வேண்டியதில்லை. என் கணித ஆசிரியை அப்படிச் சொல்லவில்லை. விடைத்தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வரச் சொன்னார். எட்டு மதிப்பெண் வடிவியல் கேள்விக்கு நான் விட்டிருந்த வெற்றுப் பக்கத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, "இங்க பாரு" என்றார். காம்பஸ் முள் குத்திய புள்ளிகளும், வட்டத்தின் தடமும், இரண்டு தொடுகோடுகளின் பள்ளமும் தாளில் அப்படியே தெரிந்தன. "எல்லாம் சரியாத்தான் வரைஞ்சிருக்க. எட்டு மார்க்க நீயே ரப்பரால அழிச்சிருக்க." சந்தேகம் வந்ததும் அழித்துவிட்டு, மறுபடி வரைய நேரமில்லாமல் எழுந்து வந்திருக்கிறேன். 31உடன் 8 சேர்ந்தால் 39 என்று கூட்டிப் பார்க்கும் அளவுக்கு எனக்குக் கணக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அன்றே என் ரப்பரை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். தவறென்று தோன்றினால் ஒரே கோடாக அடித்துவிட்டு அடுத்த வரியில் எழுத வேண்டும், அடித்த வரி படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது அவர் எனக்கு மட்டும் போட்ட சட்டம். கும்பகோணத்தில் படித்த ராமானுஜன், தாள் விலைக்குப் பயந்து பலகையில் எழுதி முழங்கையால் அழித்துவிட்டு முடிவை மட்டும் நோட்டில் குறித்துவைத்தார் என்பதையும், அந்த முடிவுகளுக்கு வழிமுறை தேடிப் பின்னால் வந்த கணித அறிஞர்கள் எவ்வளவு காலம் உழைக்க நேர்ந்தது என்பதையும் சொல்லி, "அவர் அழிக்கலாம், நீ அழிக்கக்கூடாது" என்றார். (அதே ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார் என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், ஆசிரியை அதைச் சொல்லாமல் விட்டது வேண்டுமென்றே என்றுதான் நினைக்கிறேன்.) தேர்வுக்கூட அனுமதிச் சீட்டு கொடுத்த அன்று ரப்பரைத் திருப்பித் தந்தார். அதற்குள் அது வெயிலில் வெடித்துப்போயிருந்தது.

அடித்த வரிகளை அவர் மாலைச் சிறப்பு வகுப்பில் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எந்த இடத்தில் புத்தி தடம் மாறியது என்று அந்த வரியே சொல்லிவிடும். மைனஸ் குறியைத் தொலைப்பதும், அலகு மாற்றாமல் பெருக்குவதும்தான் என் தவறுகளில் முக்கால்வாசி என்று இரண்டே வாரத்தில் தெரிந்துபோயிற்று. எனக்குக் கணக்கே வராது என்று நினைத்திருந்த எனக்கு, வராதது இரண்டே சங்கதிகள்தான் என்று கேட்டது பெரிய ஆறுதலாக இருந்தது.

அலகு மாற்றுவதைக் கற்றுக்கொடுத்தவர் என் தாத்தா. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் நிலத்தை ஏக்கரில் சொன்னால் அவருக்குக் காதிலேயே ஏறாது. பன்னிரண்டு அடிக் கோலால் நீளமும் அகலமும் ஒரு கோல் அளந்தால் ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்பது அவர் வாய்ப்பாடு. ஒரு குழி 144 சதுர அடி, ஒரு மா 14,400 சதுர அடி, மூன்று மா 43,200 சதுர அடி என்று திண்ணையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டே வந்தேன். மூணு மா ஓர் ஏக்கர் என்றுதான் ஊரில் பேச்சு. ஆனால் புத்தகத்தில் ஏக்கர் 43,560 சதுர அடி. 360 சதுர அடி இடிக்கிறதே, நம் பக்கத்தில் இரண்டரைக் குழி குறைகிறதே என்று தாத்தாவிடம் கேட்டேன். அவர் வெற்றிலையைக் குதப்பியபடி, "அது வரப்புக்குப் போச்சு ஆயி" என்றார். அன்றிலிருந்து அலகு மாற்றும் கணக்கு வந்தால், வரப்புக்கு எவ்வளவு போயிற்று என்று ஒரு முறை சரிபார்க்காமல் நான் அடுத்த வரிக்குப் போனதில்லை.

அம்மாவுக்கு நன்றி சொன்னால் கூச்சப்படுவார்; ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிர் மாறுபாட்டு வரைபடம் எனக்குப் பிடிபடவில்லை. அம்மா நடவு ஆட்களை அழைத்துப் போகிறவர். 24 பேர் ஒரே நாளில் நடும் வயலை 12 பேர் நட்டால் இரண்டு நாள், 8 பேர் நட்டால் மூன்று நாள், 6 பேர் நட்டால் நான்கு நாள் என்று புள்ளி வைத்து, வளைகோடு வரைந்து, அடுப்படியில் இருந்த அம்மாவிடம் காட்டினேன். அம்மா கோட்டின் ஒரு முனையைத் தொட்டு, "இது தப்பு" என்றார். பெருக்கல் எல்லாப் புள்ளியிலும் 24தான் வருகிறது என்றேன். "நாத்தப் பறிச்சு முடி கட்டிப் போட்டுட்டு நாலு நாள் வச்சுருந்தா அது என்னத்துக்கு ஆவும்? ஆறு பேர வச்சு அந்த வயல நடவே முடியாது. உன் கோடு அங்க போகாது." மறுநாள் இதை வகுப்பில் சொன்னபோது ஆசிரியை கரும்பலகையில் அந்த வளைகோட்டை வரைந்து, அம்மா காட்டிய இடத்தில் வெட்டிவிட்டு, மதிப்பகம் என்றால் இதுதான், கோடு செல்லுபடியாகும் மதிப்புகள் மட்டும் என்று எழுதினார். உறவுகளும் சார்புகளும் பாடத்தில் ஜூன் மாதம் மனப்பாடம் செய்த அந்தச் சொல் எனக்கு அக்டோபரில்தான் புரிந்தது.

நவம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து அறிவியல், சமூக அறிவியல் நோட்டுகள் இரண்டும் கஞ்சியாகிவிட்டன. என் பக்கத்தில் உட்காரும் தோழி பாதியை அவளே எழுதிக்கொடுத்தாள், மீதியை நான் எழுதும்வரை தன் நோட்டை என்னிடமே விட்டுவைத்தாள். அவளும் அதே தேர்வை எழுத வேண்டியவள். பிறகு ஈடாக நான் அவளுக்கு எதுவும் செய்ததாக நினைவில்லை.

பேச்சைப் பொறுத்தவரை என் குறை தடுமாற்றம்கூட இல்லை, குரல்தான். இரண்டாம் வரிக்குமேல் என் குரல் எனக்கே கேட்காது. தமிழையா நாளிதழ் ஒன்றைக் கையில் கொடுத்து என்னை வகுப்பு வாசலில் நிறுத்திவிட்டு, மைதானத்தைக் கடந்துபோய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். வாக்கியம் காதில் விழவில்லை என்றால் கையை மட்டும் தூக்குவார். முதல் நாள் அவர் தூக்கிய கையை இறக்கவே இல்லை. பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபின் வழிபாட்டுக் கூட்டத்தில் அன்றைய செய்திகளைப் படித்தபோது, கடைசி வரிசைக்கும் பின்னால் மரத்தடியில் அவர் நிற்பதைப் பார்த்தேன். இரண்டு முறை கை தூக்கினார். அவ்வளவு போதும் என்று எனக்குத் தோன்றியது.

30 புத்தகங்கள் என்ற இலக்கு நிறைவேறவில்லை. 19 படித்தேன், அவற்றில் நான்கைந்து மிகவும் மெலிந்தவை. இருந்தாலும் எங்கள் ஊர்ப்புற நூலகத்தின் நூலகர் அம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஞாயிறு மாலையில் நோட்டும் கையுமாகப் போய் உட்கார்ந்தால், பூட்டும் நேரம் வரை பேச்சுக் கொடுக்கமாட்டார். எனக்கு எந்தப் புத்தகம் ஒத்துவரும் என்று யோசித்து ஒன்றை மட்டும் மேசை ஓரத்தில் வைத்திருப்பார். இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் 1892இல் நம் சீர்காழியில் பிறந்தவர் என்பதும், நூலகர் ஆவதற்கு முன் அவர் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர் என்பதும் நூலகர் அம்மா சொல்லித்தான் தெரியும். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்' என்பது ஒன்று. நூலகர் அம்மா அதை என்னிடம் மேற்கோளாகச் சொன்னதில்லை. மேசை ஓரத்தில் வைத்ததோடு சரி.

மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து நான் ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, விசில் ஊதாமல் அரை நிமிடம் நிறுத்திவைத்த நகரப் பேருந்து நடத்துநர் அண்ணனுக்கும், 'பொறுங்க, அந்தப் பொண்ணு வருது' என்று அவருக்குப் பரிந்து பேசிய பயணிகளுக்கும் நன்றி. அறுவடைக் காலத்தில் வீட்டில் சமைக்க ஆளில்லாத நாள்களில் என் தட்டைப் பார்த்தே அதைப் புரிந்துகொண்டு இன்னொரு கரண்டி போட்ட சத்துணவுக் கூடத்துச் சமையலர் அக்காவுக்கு நன்றி. நெல் கொள்முதல் நிலையத்தில் இரவெல்லாம் குவியலுக்குக் காவல் இருந்துவிட்டு வந்து, தூங்காமல் என்னைத் தேர்வு மையத்துக்குச் சைக்கிளில் கொண்டுவிட்ட அப்பாவுக்கு நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

பொதுத்தேர்வில் கணக்கில் 78 எடுத்திருக்கிறேன். 80 என்று எழுதிக்கொடுத்த தாளை ஆசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, இரண்டு மதிப்பெண் எங்கே போயிற்று என்று கேட்டார். வரப்புக்குப் போயிற்று என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பதினொன்றாம் வகுப்பில் கணிதம் உள்ள பிரிவையே கேட்டிருக்கிறேன்.

அடுத்து வரும் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் பயன்படட்டும் என்று என் கணக்கு நோட்டுகள் ஆறில் ஐந்தை ஊர்ப்புற நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். அடித்த வரிகள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். ஆறாவது நோட்டைத் தாத்தா தரமாட்டேன் என்கிறார். அதன் கடைசிப் பக்கத்தில் எங்கள் வயலின் குழிக்கணக்கு இருக்கிறது.

நன்றியுடன்,
பத்தாம் வகுப்பு முடித்த மாணவி,
நீடாமங்கலம் வட்டாரம், திருவாரூர் மாவட்டம்.