மாட்டா லியாவோவைப் பட்டியலில் திரும்பச் சேருங்கள்: சேலத்து மெட்டல் கூட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் மெட்டலும், பங்க்கிலிருந்து வந்த முரட்டு ஹார்ட்கோரும் கேட்கிற அண்ணன்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை ஏற்காட்டில் கூடும்போது போடுவதற்கென்று எழுதிய பட்டியலில் பயோஹசார்ட் குழுவின் மூன்று ஆல்பங்கள் இருந்தன. 1992இல் வந்த அர்பன் டிசிப்ளின், 1994இன் ஸ்டேட் ஆஃப் த வேர்ல்ட் அட்ரஸ், 1996இன் மாட்டா லியாவோ. போன வாரம் கைக்கு வந்த பட்டியலில் மூன்றாவதைக் காணோம். ஏன் என்று கேட்டால், "பாதிப் பேருக்குப் பிடிக்கலைப்பா, விடு" என்று பதில். பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். மீதிப் பாதிக்குப் பிடித்திருக்கிறதே, அது கணக்கில் வராதா? இத்தனை பேர் இவ்வளவு சண்டை போடுகிற ஆல்பத்தைத்தான் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து முழுதாகக் கேட்க வேண்டும். அதைத் திரும்பச் சேருங்கள், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நடுவில் நிறுத்தாமல் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயோஹசார்ட் 1987இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய குழு. நமக்குத் தெரிந்த அந்த நால்வர் யாரென்றால், பாஸ் வாசித்துக்கொண்டே பாடும் சைன்ஃபெல்ட், கிட்டாரோடு பாடும் பில்லி, இன்னொரு கிட்டாரில் பாபி ஹாம்பல், டிரம்ஸில் டேனி ஷூலர். ராப்பையும் கிட்டாரையும் சேர்த்தவர்கள் இவர்கள் மட்டும் இல்லை, 1986இலேயே ராப் குழு ரன் டிஎம்சி ராக் குழு ஏரோஸ்மித்தோடு சேர்ந்தாயிற்று, 1991இல் மெட்டல் குழு ஆந்த்ராக்ஸ் ராப் குழு பப்ளிக் எனிமியோடு சேர்ந்தாயிற்று. ஆனால் அவையெல்லாம் இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து செய்தவை. பயோஹசார்டில் இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருந்தது. சைன்ஃபெல்ட் அடிக்குரலில் ஒரு வரியைத் தொடங்குவார், பில்லி தொண்டை கிழிய அதைப் பறித்து முடிப்பார், அடுத்த வரி மறுபடி சைன்ஃபெல்டிடம் போகும். 1993இல் ஓனிக்ஸ் என்கிற ராப் குழுவோடு ஜட்ஜ்மென்ட் நைட் படத்துக்குப் பாடியபோது யார் ராப் ஆள், யார் ஹார்ட்கோர் ஆள் என்று பிரிக்கவே முடியாதபடி ஒட்டியது இந்தப் பழக்கத்தால்தான் என்று நினைக்கிறேன்.

சரி, சண்டைக்கு வருவோம்.

மாட்டா லியாவோ பிடிக்கவில்லை என்கிறவர்கள் எல்லாரும் ஒரே காரணம் சொல்வதில்லை என்பதை யாராவது கவனித்தீர்களா? பழைய மெட்டல் அண்ணன்கள், 2007இல் ஐயர்ன் மெய்டனுக்கும் 2011இல் மெட்டாலிகாவுக்கும் பெங்களூருக்குப் பஸ் ஏறிப் போனவர்கள், கிட்டார் தனியாக எழுந்து வாசிக்கிற சோலோ இல்லை என்கிறார்கள். ராப் வழியாக வந்தவர்கள், முன் ஆல்பத்தில் சைப்ரஸ் ஹில் ராப் குழுவின் சென் டாக் வந்து பாடிய மாதிரி இதில் ஒன்றும் இல்லையே, ராப் குறைந்துவிட்டதே என்கிறார்கள். ஹார்ட்கோர் மட்டும் கேட்கிற இரண்டு மூன்று பேருக்கோ இதுதான் அந்தக் குழுவின் சிறந்த ஆல்பம். சின்னச் சின்னப் பாட்டு, சுற்றி வளைக்காமல் முடிகிறது, வேறென்ன வேண்டும் என்கிறார்கள். ஆக, ஒவ்வொருவரும் தான் வந்த வழியில் நின்றுகொண்டு தன் சாமான் இருக்கிறதா என்று பார்க்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு பக்கத்து ஆட்கள் எண்ணிக்கையில் கூட என்பதற்காக ஆல்பத்தையே தூக்கிவிடுவது என்ன நியாயம்?

இதில் ஹாம்பல் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எல்லாக் கோபமும் அங்கேதான் போய் முடிகிறது. அவர் 1995இல் வெளியேறினார். மாட்டா லியாவோவை மூன்று பேராகத்தான் செய்தார்கள், கிட்டார் முழுவதும் பில்லியின் தலையில் விழுந்தது. ஹெல்மெட் என்கிற குழுவிலிருந்து ராப் எச்சவேரியா என்கிற கிட்டார்காரர் வந்து சேர்ந்ததெல்லாம் அதற்கு அப்புறம். ஹாம்பல் இல்லாதது தெரியவே இல்லை என்று இந்த ஆல்பத்தின் ரசிகர்கள் சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அர்பன் டிசிப்ளினில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் ரிஃப் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்போது மேலே அவர் கிட்டார் அலறும், ஒரு கட்டத்தில் பாட்டு கையை விட்டுப் போய்விடும் போல இருக்கும், போகாது. அந்தப் பதைப்பு மாட்டா லியாவோவில் கிடையாது. நடுவில் நான்கைந்து பாட்டுகள் ஒரே வேகத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, எது முடிந்தது எது தொடங்கியது என்று புரிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. முன்னால் தெருவைக் கதையாகச் சொன்னவர்கள் இதில் பல இடங்களில் கோஷமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பதினைந்து பாட்டில் மூன்றை எடுத்திருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் இதைச் சேருங்கள் என்று கேட்கிறேன்.

ஏன் என்றால், அந்தக் காலியிடத்தில் வேறொன்று முன்னுக்கு வந்திருக்கிறது. பாஸ் மேலே ஏறி நிற்கிறது, கரகரவென்று, கிட்டார் அளவுக்குச் சத்தமாக. டேனி ஷூலரின் டிரம்ஸ் நன்றாகத் தெளிவாகக் கேட்கிறது. டேவ் ஜெர்டனோடு சேர்ந்து ஒலிப்பதிவு செய்தார்கள், ஆலிஸ் இன் செயின்ஸின் டர்ட் ஆல்பத்தைத் தயாரித்தவர் அவர், கனமான சத்தத்தைத் தெளிவு கெடாமல் பிடிக்கத் தெரிந்த கை. காதுக்குள் செருகுகிற சின்ன இயர்போனில் கேட்டுவிட்டு "தட்டையா இருக்கு" என்று சொன்ன நண்பர்களே, நல்ல ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். இந்த ஆல்பம் கீழ்ச்சத்தத்தில்தான் இருக்கிறது, அதை வெட்டிவிட்டுக் கேட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

இதை எனக்குக் காட்டியது நம் அம்மாப்பேட்டைத் தம்பி. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் பகல் முழுக்க ஓயாத வீடு அவனுடையது. அங்கே இந்த ஆல்பத்தைப் போட்டபோது தறியையும் மீறிக் காதில் விழுந்தது பாஸும் ஸ்னேர் டிரம்மும்தான். தம்பி எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து அந்த பீட்டை விரல் மடக்கித் தட்டினான், நாலு சுற்று தட்டிவிட்டு, தான் எழுதிய தமிழ் வரிகளை அதன் மேல் போட்டுப் பார்த்தான். முதல் தடவை ஒரு அசை கூடிப்போய் இடித்தது. இரண்டாம் தடவை மூச்சு விடுகிற இடத்தை மாற்றிக்கொண்டான், கச்சிதமாக உட்கார்ந்தது. "அண்ணா, சோலோ இல்லாததால எனக்குப் பாட இடம் இருக்கு, அர்பன் டிசிப்ளின்ல எங்கேயும் நுழைய முடியாது" என்றான். இத்தனை வருடமாக இந்த ஆல்பத்தைப் பற்றி நாம் போட்ட வாக்குவாதங்களில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இல்லாததை மட்டுமே தேடிக்கொண்டிருந்த இடத்தில் ஒருவன் இருப்பதைக் கேட்டிருக்கிறான்.

அந்தத் தம்பி இதையே கூட்டத்தில் சொல்ல வந்தபோது என்ன நடந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். "நீ ராப் பையன், உனக்கு மெட்டலைப் பத்தி என்ன தெரியும்" என்று இரண்டு அண்ணன்கள் அவனை உட்கார வைத்தார்கள். எனக்கு அது ரொம்ப வலித்தது, இன்னும் வலிக்கிறது. மலேசியத் தமிழ் ராப்காரர்களான யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் வல்லவன் ஆல்பம் போட்டபோது அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர்! அந்த வழியாக வந்து, அப்புறம் கிட்டார் சத்தம் பிடித்துப்போய் நம் பக்கம் நகர்ந்தவர்கள் அவர்கள். ராப் மெட்டல் என்கிற பெயரிலேயே பாதி அவர்களுடையது. ஹார்ட்கோர், ராப், மெட்டல் மூன்றையும் ஒரே மேடையில் ஏற்றிய குழுவைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில், ராப் தெரிந்தவன் வாயை மூடு என்று சொல்வது எனக்குப் புரியவில்லை. அண்ணன்களே, உங்கள் மேல் மரியாதை இருக்கிறது. கேசட் காலத்திலிருந்து இந்த இசையை இந்த ஊரில் உயிரோடு வைத்திருந்தவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், அந்தத் தம்பியை நீங்களே கூப்பிட்டுப் பேச வையுங்கள்.

இன்னொன்று. மாட்டா லியாவோ வந்த 1996ஐயும் நினைத்துப் பாருங்கள். அதே வருடம்தான் செபுல்டுராவின் ரூட்ஸ், ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷினின் ஈவில் எம்பயர், பேன்டெராவின் த கிரேட் சதர்ன் டிரெண்ட்கில் எல்லாம் வந்தன. இவ்வளவு பெரிய ஆல்பங்களுக்கு நடுவில், ஒரு ஆளை இழந்த குழு மூன்று பேராக நின்று செய்தது இது. அதற்காகப் பாவம் பார்த்துப் பாராட்ட வேண்டாம். ஒப்பிடும்போது மட்டும் இதை ஞாபகத்தில் வையுங்கள்.

ஹாம்பல் 2008இல் திரும்பி வந்தார், நடுவில் சைன்ஃபெல்ட் போனார், அவரும் வந்தார், 2025இல் நால்வரும் சேர்ந்து டிவைடட் வி ஃபால் வரை போட்டாயிற்று. அவர்களே சேர்ந்துவிட்டார்கள், நாம் இன்னும் 1996இல் நின்று கட்சி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் கேட்பது இவ்வளவுதான். மலை ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் வண்டியில் ஸ்டேட் ஆஃப் த வேர்ல்ட் அட்ரஸ் ஓடட்டும், அது நீளமான ஆல்பம், மேலே போய்ச் சேருகிற வரைக்கும் தாங்கும். மேலே போனதும் சாப்பாட்டுக்கு முன்னால் மாட்டா லியாவோ, பெரிய ஸ்பீக்கரில், வெளிச்சம் இருக்கும்போதே. ராத்திரி வேண்டாம், சுற்றிலும் எஸ்டேட் ஆட்கள் விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள், அவர்கள் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது. முடிந்ததும் அம்மாப்பேட்டைத் தம்பி முதலில் பேசட்டும், அப்புறம் பிடிக்காதவர்கள், அப்புறம் மற்றவர்கள். அவன் வரிகளையும் ஒருமுறை பாடிக் காட்டச் சொல்லலாம், பாஸ் வாசிக்க நம்மிலேயே ஆள் இருக்கிறது.

சிடி என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன். ஆம்ப்ளிஃபயர் யார் எடுத்து வருவது என்று மட்டும் முடிவு செய்ய வேண்டும். பட்டியலை மாற்றச் சம்மதம் என்றால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். முடியாது என்றாலும் சொல்லுங்கள், ஆனால் எந்தப் பாட்டு, எந்த இடம் பிடிக்கவில்லை என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சூரமங்கலத்திலிருந்து உங்களில் ஒருவன்