மார்ட்டிக்கு இன்னும் ஏன் கதவு திறக்கவில்லை?

கேன்டன் நகரில் இருக்கும், அமெரிக்கக் கால்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் கூடமான புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். மார்ட்டி ஷாட்டன்ஹைமருக்காக எழுதுகிறேன். கிளீவ்லாந்து, கன்சாஸ் சிட்டி, வாஷிங்டன், சான் டியேகோ என நான்கு அணிகளின் தலைமைப் பயிற்சியாளராக, பிளேஆஃபை (சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்றை) சேர்க்காமலே 200 ஆட்டங்களை வென்றவர். ஷூலா, ஹாலஸ், லாண்ட்ரி, லாம்போ ஆகிய பயிற்சியாளர்களும் 200-ஐத் தாண்டியவர்கள். அவர்களுக்கெல்லாம் உங்கள் கூடத்தில் சிலை இருக்கிறது. இவருக்கு இல்லை.

காரணம் தெரியாமல் இல்லை. பிளேஆஃபில் 5 வெற்றி, 13 தோல்வி. தலைமைப் பயிற்சியாளராக ஒரு தடவைகூட இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை எட்டவில்லை. பந்தை வீசாமல் ஓடியே ஆட்டத்தை நகர்த்தும் அவர் பாணியை 'மார்ட்டிபால்' என்று கேலி செய்தார்கள். அதில் பாதி நியாயம்தான்.

ஆனால் 2007 ஜனவரி 14-ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த சீசனில் 14 வெற்றி, 2 தோல்வி என்று வந்த சான் டியேகோ, நியூ இங்கிலாந்தைவிட 21-13 என முன்னிலை. கடைசிக் கால்பகுதி, நியூ இங்கிலாந்துக்கு நான்காவது டவுன், அதாவது பந்தை முன்னேற்றக் கடைசி வாய்ப்பு. அவர்களின் பிரேடி வீசிய பந்தை சான் டியேகோவின் மார்லன் மெக்ரீ பிடித்துவிட்டார். தரையில் தட்டிவிட்டிருந்தாலே போதும், பந்து சான் டியேகோவுக்குத்தான். அவரோ பிடித்துக்கொண்டு ஓடினார். நியூ இங்கிலாந்தின் ட்ராய் பிரவுன் அதைத் தட்டிவிட, பந்து மறுபடி அவர்களுக்கே போனது. முடிவு 24-21, தோல்வி. அடுத்த மாதமே மார்ட்டியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1988 ஜனவரியில் டென்வரில் அவருடைய கிளீவ்லாந்து வீரர் எர்னஸ்ட் பைனர் கோல் கோட்டருகே பந்தை நழுவவிட்டுத் தோற்றதும் இதே கணக்கில்தான் சேர்ந்தது. ஒரு பயிற்சியாளர் களத்தில் இறங்கிப் பந்தையும் பிடிக்க முடியுமா, சொல்லுங்கள்?

சரி, கோப்பைதான் அளவுகோல் என்றால் அவரிடம் உதவியாளர்களாக இருந்தவர்களைப் பாருங்கள். பில் கவர், டோனி டன்ஜி, மைக் மெக்கார்த்தி, புரூஸ் ஏரியன்ஸ்: நான்கு பேருமே பிறகு தலைமைப் பயிற்சியாளராகி சூப்பர் பவுல் வென்றார்கள். கவரையும் டன்ஜியையும் நீங்களே கூடத்தில் சேர்த்துக்கொண்டீர்கள்.

ஏரியன்ஸ் வென்றது 2021 பிப்ரவரி 7 இரவு, டாம்பாவில். மறுநாள் மார்ட்டி இறந்தார். வயது 77, சில வருடங்களாகவே அல்சைமர் நோய். இனி அவரை மேடையேற்ற உங்களால் முடியாது. அவர் பெயர் அடுத்து விவாதத்துக்கு வரும்போது, அந்த நான்கு பேரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாக்களியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்