விண்கல் விற்பவர்களே, ஊரைச் சொல்லி விற்றுவிடுங்கள்

இரும்பு விண்கல் விற்கும், வாங்கும் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் உலோகவியல் கற்பிப்பவன். போன மாதம் உங்களில் ஒருவரிடம் உள்ளங்கை அகலத்துக்கு கிபியோன் என்ற இரும்பு விண்கல்லின் வில்லை ஒன்று வாங்கினேன், மாணவர்களுக்குக் காட்ட, சொந்தக் காசில். மெருகேற்றி, பஞ்சில் நைட்டால் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) தொட்டுத் தடவினோம். வழுவழுவென்று வெறுமையாக இருந்த பரப்பில் பாய் முடைந்த மாதிரி கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக எழுந்தன. விட்மன்ஸ்டாட்டன் கோலம். பத்து லட்சம் ஆண்டுக்குச் சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம் டிகிரி என்று அவ்வளவு மெதுவாக ஆறினால்தான் நிக்கல் கலந்த இரும்பில் இப்படித் தகடு வளரும். எந்த உலையாலும் ஆகாத வேலை. வகுப்பே மூச்சடக்கிப் பார்த்தது. ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: "சார், இது எந்த இடத்துல கிடைச்சது?"

விற்றவருக்கு எழுதினேன். "நமீபியா. காகிதமெல்லாம் கிடையாது" என்று பதில் வந்தது. வாங்கும் முன்பே கேட்காதது என் தவறு.

அந்நாட்டில் கிபியோன் கற்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டென்பது உங்களுக்குத் தெரியும். சுமார் 275 கி.மீ. நீளத்துக்குச் சிதறி விழுந்தவை அவை. எந்தத் துண்டு எங்கே கிடந்தது என்ற குறிப்பிருந்தால்தான் கல் வந்த திசையையும் வானில் உடைந்த விதத்தையும் கணிக்க முடியும். அந்தக் குறிப்பை ஒருமுறை தொலைத்தால் தொலைத்ததுதான். எந்தக் கருவியும் மீட்டுத் தராது.

அதே நாட்டில் 1920-இல் தெரியவந்த ஹோபா விண்கல் சுமார் 60 டன். தூக்க முடியாததால் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. அதன் ஓரங்களைக்கூட வெட்டிக்கொண்டு போனார்கள்! கிரீன்லாந்தில் இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்திக்கும் ஈட்டிமுனைக்கும் இரும்பு எடுத்த விண்கல்லின் மிகப் பெரிய துண்டை 1897-இல் அமெரிக்கத் துருவப் பயணி பியரி கப்பலேற்றினார். 31 டன். பிறகு அது நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு விலைபோனது. மண்ணுக்குரியவர்களைக் கேட்காமல் எடுக்கும் அந்த வழக்கம் இன்னும் எத்தனை காலம்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு வில்லையோடும் ஒரு தாள் தாருங்கள்: எங்கே, எப்போது, யார் அனுமதியோடு எடுத்தது. பழைய சேகரிப்பிலிருந்து வந்ததென்றால் அதையே எழுதுங்கள். வாங்குகிறவர்களே, தாள் இல்லையென்றால் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள்.

துருப்பிடிக்காமலிருக்கச் சிலிக்கா ஜெல்லோடு அந்த வில்லையை ஆய்வக அலமாரியில் வைத்திருக்கிறேன். பெயர்ச்சீட்டில் 'கிடைத்த இடம்' என்ற வரி காலியாகவே இருக்கிறது. அந்த மாணவி நாள்தோறும் அதைக் கடந்துதான் போகிறாள்.